அட்டைப் பணம் நம் கணக்கில் சேரும்வரை: ஒரு மென்பொருளுடன் பல ஆண்டுகள்

அட்டைவழிப் பணம் பெறும் மென்பொருள்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் முதல் வாரத்து உற்சாகத்தில் எழுதப்படுகின்றன. கணக்குத் தொடங்குவது எளிது, திரை தெளிவாக இருக்கிறது, முதல் விற்பனை நொடியில் முடிந்தது என்பதோடு அவை நின்றுவிடும். இந்தத் துறையில் முதல் வாரம் எதையும் காட்டாது. 'இந்தச் செலவை நான் செய்யவில்லை' என்று ஒருவர் தன் வங்கியிடம் முறையிட, விசா, மாஸ்டர்கார்டு விதிகள் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாட்கள் வரை இடம் தருகின்றன. இன்று விற்றது விற்றதுதானா என்பது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்தே உறுதியாகும். ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குகளைக் கவனிக்கும் நான், சந்தாக்களையும் தனி விற்பனைகளையும் பல ஆண்டுகளாக ஒரே மென்பொருள் வழியாகப் பெற்றுவருகிறேன். பணம் வாங்கும் திறனில் இவையெல்லாம் ஏறத்தாழ ஒரே தரம். வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்வதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகின்றன.

முதலில் உள்நுழைவு. உரிமையாளர், கணக்காளர், வாடிக்கையாளர் உதவி, நிரலாளர் என்று எங்கள் மென்பொருளில் பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு எல்லா அறிக்கைகளும் தெரியும். வங்கிக் கணக்கு எண்ணை மாற்ற முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். என் குறை வேறு இடத்தில். உதவிப் பிரிவில் இருப்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் அனுமதி கொடுத்தால், எவ்வளவு பெரிய தொகையையும் அவர் திருப்பித் தரலாம். இன்ன தொகைக்கு மேல் இன்னொருவர் ஒப்புதல் வேண்டும் என்று வைக்க வழியில்லை. இதைக் கேட்டு எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் 'உங்கள் ஆலோசனையைக் குறித்துக்கொண்டோம்' என்ற பதில் வந்தது. குறித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பிசிஐ டிஎஸ்எஸ் என்ற அட்டைப் பாதுகாப்புத் தரவிதியின் 4.0 பதிப்பு 2022இல் வந்தது. பழைய பதிப்பு 2024 மார்ச்சுடன் விடைபெற்றது. அந்தக் கால மாற்றத்தை நாங்கள் விசைப்பலகையில் உணர்ந்தோம். கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துகளாக நீண்டது, கைபேசியில் இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயமானது, 15 நிமிடம் தொடாமல் விட்டால் வெளியேற்றிவிடுகிறது. அலுவலகத்தில் முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. எனக்கு வருத்தமில்லை. ஒரே கடவுச்சொல்லை நால்வர் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒரு தொகையைத் திருப்பிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் நால்வரும் மற்ற மூவரைப் பார்ப்பார்கள். இப்போது செயற்பதிவில் பெயரும் நேரமும் இருக்கின்றன. அட்டை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களுக்கு மேல் எங்களில் யாருக்கும் தெரியாது. பின்பக்கத்து மூன்று இலக்கக் குறியீட்டை, வங்கி செலவுக்குச் சம்மதம் தரும் அங்கீகாரம் முடிந்தபின் யாரும் சேமித்து வைக்கவே கூடாது என்பது விதி. ஆகவே 'என் அட்டை விவரம் உங்களிடம் இருக்கிறதே' என்று கோபிப்பவரிடம் நிம்மதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

பரிவர்த்தனைப் பகுதியில்தான் இந்த மென்பொருள் அதிகம் முன்னேறியிருக்கிறது. வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும் நொடியில் பணம் நகர்வதில்லை. அட்டை வழங்கிய வங்கியிடம் ஒரு கேள்வி போகிறது. ஒரு பதில் வருகிறது. இந்த உரையாடலின் அடிப்படை வடிவமான ஐஎஸ்ஓ 8583 முதலில் 1987இல் வெளியானது. பதில்கள் இரண்டிரண்டு எழுத்துகளில் வரும்: 00 என்றால் சம்மதம், 51 என்றால் இருப்புப் போதாது, 54 என்றால் அட்டை காலாவதி, 91 என்றால் வங்கியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. 05 மட்டும் தனி ரகம். மறுத்திருக்கிறார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். தொடக்கக் காலத்தில் எங்கள் திரை இவை எல்லாவற்றையும் 'தோல்வி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவைத்திருந்தது. சந்தா நடத்துபவர்களுக்கு இது பெரும் இழப்பு. 51 வந்தால் சில நாள் கழித்து மீண்டும் முயலலாம், பலமுறை வெற்றி கிடைக்கும். 54 வந்தால் நூறு முறை முயன்றாலும் பயனில்லை, புதிய அட்டை கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். இப்போது குறியீட்டையும் காட்டி, மறுமுயற்சிக்குத் தகுந்ததா என்றும் சொல்கிறது. ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த ஒரு திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கீகாரமும் வசூலும் தனித்தனிப் படிகள் என்பதையும் நன்றாகக் கையாள்கிறது. அங்கீகாரத்தால் வாடிக்கையாளரின் தொகை தற்காலிகமாக முடக்கப்படுகிறது. பொதுவாக ஒரு வார அளவுக்குள் நாம் வசூலிக்காவிட்டால் முடக்கம் தானே விலகும். வசூலுக்கு முன் ரத்து செய்தால் பணம் அவரை விட்டுப் போனதாகவே ஆகாது. வசூலுக்குப் பின் என்றால் திருப்பிச் செலுத்த வேண்டும், அது அவர் அட்டைக்குப் போய்ச்சேர ஐந்து முதல் பத்து வேலைநாட்கள் ஆகலாம். எங்கள் திரையில் 'ரத்து' என்று ஒரே பொத்தான்தான். எந்தப் படியில் இருக்கிறதோ அதற்கேற்ற வழியை மென்பொருளே எடுத்துக்கொள்கிறது.

நிரலாளர்கள் பாராட்டுவது வேறொன்றை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாமே ஓர் அடையாள எண் கொடுக்கலாம். இணைப்பு நடுவில் அறுந்து, பணம் போனதா இல்லையா என்று தெரியாத நிலையில், அதே எண்ணுடன் மறுபடி அனுப்பினால் இரண்டாம் கட்டணம் உருவாகாது. முதல் கோரிக்கையின் பதிலே திரும்பி வரும். வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் வேலை இதனால் மறைந்தது. நிகழ்வுகளை நம் சர்வருக்குத் தெரிவிக்கும் வெப்ஹூக்குகள் இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம் என்று ஆவணத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இணையத்தில் அட்டையால் செலுத்தும்போது வங்கி நடத்தும் கூடுதல் சரிபார்ப்பான 3-டி செக்யூர் பற்றி ஒரு சொல். வாடிக்கையாளர் தன் வங்கியின் சரிபார்ப்பைக் கடந்திருந்தால், மோசடிப் புகாரின் இழப்பு பொதுவாக நம்மை விட்டு அட்டை வழங்கிய வங்கிக்கு மாறும். 'பொருள் வரவில்லை' என்ற புகாருக்கு இந்தக் கவசம் செல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் விற்பனைப் பிரதிநிதிகளை நான் சந்தித்திருக்கிறேன்.

இனி பட்டுவாடா, அதாவது சேர்ந்த பணத்தை மென்பொருள் நம் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது. என் நேரத்தை அதிகம் விழுங்குவது இதுதான். வங்கி அறிக்கையில் ஒரே ஒரு வரி வருகிறது: இன்ன தேதி, இன்ன தொகை. அந்தத் தொகைக்குள் பல நாள் விற்பனையும், அதிலிருந்து கழிந்த சேவைக் கட்டணமும், திருப்பிக் கொடுத்தவையும், வாடிக்கையாளரின் முறையீட்டால் வங்கி திரும்ப எடுத்துக்கொண்ட சார்ஜ்பேக்குகளும், அவற்றுக்கான தனிக் கட்டணமும் கலந்து கிடக்கின்றன. எங்கள் மென்பொருள் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் ஓர் எண் கொடுத்து, அதற்குள் அடங்கிய பரிவர்த்தனைகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. இது இல்லாத மென்பொருளை எந்தக் கணக்காளரும் ஏற்கக் கூடாது. ஆனால் இங்கும் ஒரு முள் இருக்கிறது. விற்பனைத் திரை எங்கள் உள்ளூர் நேரத்தில் ஓடுகிறது. பட்டுவாடா அறிக்கை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. மாதக் கடைசி நாளின் விற்பனை ஓர் அறிக்கையில் இந்த மாதத்திலும் மற்றொன்றில் அடுத்த மாதத்திலும் விழும்.

நாங்கள் கண்ட வழி, கணக்கேட்டில் ஓர் இடைக்கணக்கு வைப்பது. விற்பனையை முழுத் தொகையாக அதில் ஏற்றுகிறோம். சேவைக் கட்டணத்தைச் செலவாகக் கழிக்கிறோம். பட்டுவாடா வரும்போது இடைக்கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு மாற்றுகிறோம். இடைக்கணக்கின் மீதமும் மென்பொருள் காட்டும் இருப்பும் எந்த நாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே தேடுகிறோம். வங்கியில் வந்த தொகையை அப்படியே விற்பனை என்று எழுதுபவர்கள், தங்கள் விற்றுமுதலையும் செலவையும் ஒருசேரக் குறைத்துக் காட்டுகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் முதலில் பிடித்த சேவைக் கட்டணம் திரும்புவதில்லை என்பதும் இந்த முறையில்தான் கண்ணில் படுகிறது.

பட்டுவாடா வங்கிக் கணக்கை மாற்றினால் சில நாட்கள் பணம் நிறுத்திவைக்கப்படும், எல்லா உரிமையாளர்களுக்கும் மின்னஞ்சல் போகும். இதைப் பலர் குறை சொல்கிறார்கள். திருடன் உள்ளே நுழைந்தால் முதலில் மாற்றப்போவது அந்த எண்ணைத்தான் என்பதால், நான் மென்பொருளின் பக்கம் நிற்கிறேன்.

இருப்புப் பிடித்தத்தில் அப்படி நிற்க முடியவில்லை. ஒரு மாதம் எங்கள் விற்பனை வழக்கத்தைவிடத் திடீரென உயர்ந்தது. உடனே ஒவ்வொரு பட்டுவாடாவிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்தார்கள். சார்ஜ்பேக் வந்தால் ஈடுகட்ட இப்படிச் செய்வது இத்துறையில் வழக்கம்தான். பிடித்த தொகை ஆறு மாதம் வரை காத்திருப்பதும் உண்டு. ஆனால் காரணம் கேட்டபோது வந்தது அச்சடித்த கடிதம். எது எப்போது விடுவிக்கப்படும் என்ற பட்டியல் திரையில் வந்தது வெகு காலம் கழித்துத்தான். சம்பள நாளை வைத்துத் திட்டமிடும் சிறு நிறுவனத்துக்கு, பிடித்த தொகையைவிட விடும் தேதி தெரியாததுதான் பெரிய தலைவலி.

இத்தனைக்குப் பிறகும் வேறு மென்பொருளுக்கு மாறவில்லை. சேமித்த அட்டைகள் எங்களிடம் எண்களாக இல்லை, இந்த மென்பொருள் மட்டுமே புரிந்துகொள்ளும் டோக்கன்களாக இருக்கின்றன. மாறினால் சந்தாதாரர் ஒவ்வொருவரும் மீண்டும் அட்டை எண் இட வேண்டியிருக்கும், பாதிப்பேர் இட மாட்டார்கள் என்பதே என் கணிப்பு. இதைத் தவிர்க்க, பிசிஐ தரவிதிக்கு உட்பட்ட இன்னொரு நிறுவனத்துக்கு அட்டை விவரங்களை நேரடியாக மாற்றித் தருவதாக எங்கள் மென்பொருள்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் என்பதை அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.