தட்டா, சட்டியா, செடியா?

கீழ்வீட்டு அக்கா மாடிப்படி ஏறி வந்து ஒரு பழைய வேட்டியை என் முன்னால் விரித்துக் காட்டினார். முதல் நாள் காயப்போட்ட கூழ் வடகம். வடகத்துக்குச் சமமாகப் புறா எச்சம். "தம்பி, குருவிக்குத் தீனி போடுறது புண்ணியந்தான், நான் இல்லேங்கல. ஆனா வந்ததெல்லாம் குருவியா?"

பதில் சொல்ல முடியவில்லை. சிட்டுக்குருவி வரும் என்று கம்புத் தட்டு வைத்து அப்போது ஐந்து மாதம். விடிந்து ஆறரை மணிக்குள் முப்பது நாற்பது மாடப்புறா கைப்பிடிச் சுவரில் வரிசை கட்டிவிடும். குருவி ஆறோ ஏழோ வரும், அதுவும் புறாக்கள் இறைத்ததைப் பொறுக்க. மாதம் ஆறு கிலோ கம்பு போட்டு நான் வளர்த்தது புறாவை.

மதுரையில் வாடகை வீட்டின் மாடிப் போர்ஷன் எங்களுடையது. மேலே மொட்டைமாடி, கீழே கிணற்றடியில் ஒரு முருங்கை. பறவை பார்க்க ஆசை, ஆனால் ஞாயிறு தவிர வெளியே போக நேரமில்லை. ஆகவே பறவையை வீட்டுக்கு அழைப்பது என்று முடிவு செய்து இந்த மூன்று வருடத்தில் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன்: தானியத் தட்டு, தண்ணீர்ச் சட்டி, தொட்டிச் செடிகள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் ஒன்றே ஒன்றுதான் வைக்கப்போகிறார் என்றால் சட்டி வைக்கட்டும்.

நாலாவதாகக் கூண்டு. "ரெண்டு லவ் பேர்ட்ஸ் வாங்கி விடேன்" என்று சொல்லாத உறவினர் இல்லை. அந்தப் பெயரில் நம்மூர்க் கடைகளில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் கிளி. அதை வளர்க்கலாம், ஆனால் அது பறவை வளர்ப்பு, நான் பேசுவது பறவை பார்ப்பது. நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பேச்சு இத்தோடு போதும்.

தட்டின் நல்லதையும் சொல்ல வேண்டும். அதைப்போல் சீக்கிரம் பலன் தருவது வேறில்லை. வைத்த மூன்றாம் நாளே கூட்டம் வரும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சுறுசுறுப்புக்கு ஒரு மதிப்பு உண்டு. நமக்கு இது புதிதும் இல்லை. அம்மா இன்றைக்கும் காக்கைக்கு ஒரு உருண்டை சோறு வைக்காமல் தட்டில் கை வைக்கமாட்டார். அந்தக் காக்கைகள் எங்கள் வீட்டுச் சமையல் நேரத்தை எங்களைவிடத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கின்றன.

தானியம் ஏன் புறாவில் போய் முடிகிறது என்பது பிறகு படித்துத்தான் புரிந்தது. சிட்டுக்குருவி பெரிதானபின் தானியம் தின்னும். குஞ்சுக்கோ புழு பூச்சி வேண்டும். தெருவில் பூச்சி இல்லை என்றால் தாய்க்குருவி எவ்வளவு கம்பு தின்றாலும் குஞ்சு தேறாது. புறா அப்படியில்லை. தானியத்தைத் தின்று, தன் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டிவிடும், ஆணும் பெண்ணும் இரண்டுமே. தானியம் மட்டும் இருந்தால் போதும், ஊருக்குள் வருடம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். ஆக நீங்கள் ஒரு கிண்ணம் கம்பு போட்டால் அது குருவிக்கு ஒரு வேளைச் சாப்பாடு, புறாவுக்கு அடுத்த தலைமுறை. என் மாடியில் ஐந்து மாதத்தில் பத்தாக இருந்தது நாற்பது ஆனதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சும்மா விட்டுவிடவில்லை. குருவி மட்டும் நுழைகிற மாதிரி கம்பி வலையில் ஒரு பெட்டி கட்டிப் பார்த்தேன். புறா வெளியே நின்றது. அணில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மழை நாளில் கம்பு ஊறிப் பூஞ்சை பிடித்தது, இரவில் எலி வந்தது. புறா எச்சத் தூசியை நாள்பட மூச்சில் இழுத்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வரும் என்பது வேறு. காலையும் மாலையும் தரை கழுவுவது தினசரி வேலையாகிவிட்டது. சென்னை ராயப்பேட்டையில் ஒருவர் ஊறவைத்த அரிசியை மொட்டைமாடியில் பரப்பி ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் படைத்ததைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்து மயங்கியவன்தான். பரப்புவதற்கு முன்னும் பறந்துபோன பின்னும் அந்த மாடியில் எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்பது படத்தில் தெரியாது.

வயலை ஒட்டிய வீடு, சுற்றிலும் வேலியும் புதரும் உள்ள இடம் என்றால் தட்டுக்கதை வேறு மாதிரி போகலாம். அங்கே நான் வைத்துப் பார்த்ததில்லை.

சட்டிக்கு வருகிறேன். வடகச் சம்பவத்துக்கு மறுவாரம் தட்டை எடுத்துவிட்டு, மானாமதுரை மண்ணில் செய்த அகலச் சட்டி ஒன்றை, பூந்தொட்டிக்கு அடியில் வைப்பார்களே அந்த வகை, வாங்கி வந்தேன். இரண்டு விரல் ஆழம். நடுவே ஒரு சொரசொரப்பான கல். படிக்கட்டுக் கூரையின் நிழலில், பூனை பதுங்க இடம் இல்லாத மூலையில் வைத்தேன். முதல் ஒன்பது நாள் காக்கையைத் தவிர ஒன்றும் வரவில்லை. இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். சட்டிக்குப் பொறுமை வேண்டும், அதுவும் ஏப்ரலில் வைத்தால் குறைவாகவும் ஐப்பசியில் வைத்தால் நிறையவும்.

பத்தாம் நாள் ஒரு சின்னான் வந்தது. வாலடியில் சிவப்பு, தலையில் சின்னக் கொண்டை. விளிம்பில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குடிக்காமல் நேரே உள்ளே இறங்கிக் குளித்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கம்புத் தட்டுக்குச் சின்னான் ஒரு நாளும் வந்ததில்லை. அது பழமும் பூச்சியும் தின்கிற பறவை. அதற்குக் கம்பு மணலுக்குச் சமம். தட்டு வைத்தால் தானியம் தின்பவை மட்டும்தான் வரும். தண்ணீருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பூச்சியும் பழமும் தின்பவற்றுக்கு இரையிலேயே பாதித் தண்ணீர் கிடைத்துவிடுவதால் குடிக்க வருவது குறைவுதான். ஆனால் சிறகைக் கழுவி நீவி வைத்துக்கொள்ளாமல் பெரும்பாலான பறவைகளுக்குப் பறப்பு ஒழுங்காக அமையாது. வியர்வைச் சுரப்பி இல்லாத உடம்பு வேறு; சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்.

தட்டு வைத்த ஐந்து மாதத்தில் என் நோட்டில் ஏறியது ஆறு வகை: மாடப்புறா, புள்ளிப்புறா, சிட்டுக்குருவி, மைனா, காக்கை, எப்போதாவது கிளி. சட்டி இரண்டரை வருடத்தில் பத்தொன்பதைக் காட்டியிருக்கிறது. கால அளவு சமமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டியின் முதல் ஐந்து மாதத்தை மட்டும் எண்ணினாலும் பதினொன்று. வெண்புருவச் சின்னான், தையல்சிட்டு, குண்டுகரிச்சான், வால்காக்கை, இரட்டைவால் குருவி. தவிட்டுக்குருவி ஒன்றாக வந்ததே இல்லை. ஏழெட்டு சேர்ந்து வரும், ஒன்று மேலே காவல் நிற்கும், மற்றவை முறை வைத்துக் குளிக்கும், எல்லாம் சேர்ந்து கத்தும். அதன் கண் வெளிர் நீலம் என்பது மூன்று மீட்டரில் உட்கார்ந்து பார்க்கும்வரை தெரியாது. ஒரு வருடம் அந்தக் கூட்டத்தோடு கறுப்பு வெள்ளையில் கொண்டை வைத்த ஒரு குஞ்சு வந்து இரை கேட்டுக் கத்தியது. சுடலைக்குயிலின் பிள்ளை. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும் குயில் அது. புத்தகத்தில் படித்ததைப் படிக்கட்டில் உட்கார்ந்து காப்பியோடு பார்த்தேன்.

பிறகு கிணற்றடி முருங்கைக்குக் கீழே, தரையிலேயே, இரண்டாவது சட்டி ஒன்று வைத்தேன், அக்காவின் அனுமதியோடு. அக்டோபரில் ஒரு காலை, "தம்பி, கலர் கலரா ஒண்ணு உக்காந்திருக்கு, வால் இல்ல, சீக்கிரம் வாங்க" என்று அவரே கூப்பிட்டார். ஆறுமணிக்குருவி. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் வழியில் களைத்து வீடுகளிலும் இறங்கிவிடும் பறவை. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த மார்பு, வாலடியில் சிவப்பு. தண்ணீர் குடித்தது, சருகைப் புரட்டியது, அன்று மாலை வரை முருங்கையடியை விட்டு நகரவில்லை. மறுநாள் இல்லை. அதன்பிறகு கீழ்ச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அக்காவின் பொறுப்பாகிவிட்டது. நான் ஊற்றினால்கூட மறுபடி கொட்டிவிட்டு அவரே ஊற்றுகிறார்.

பராமரிப்பில்தான் சட்டியின் உண்மையான விலை இருக்கிறது. கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தினமும் தண்ணீரை மாற்றினால் போதாதா என்றால், போதாது. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்கு மேலே சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் மறுபடி நனைந்தால் பொரியும். ஆகவே தினமும் மாற்றுவதோடு, வாரம் இரண்டு தடவையாவது ஓரத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பு கூடாது, மண் உறிஞ்சிக்கொண்டு பிறகு கக்கும். வெயிலில் கவிழ்த்து ஒரு மணி நேரம் காயவிட்டால் பாசியும் அடங்கும். டெங்கு காலத்தில் வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் என் சட்டியை டார்ச் அடித்துப் பார்த்தார். தேய்க்கும் விவரத்தைச் சொன்னதும் "ஊருக்குப் போனா கவுத்திட்டுப் போங்க சார்" என்றார். அதைத்தான் செய்கிறேன்.

இன்னொரு தொல்லை காக்கை. காய்ந்த ரொட்டி, எலும்பு, ஒரு தடவை முழு மீன் தலை, எதைக் கொண்டுவந்தாலும் ஊறவைக்க என் சட்டிதான் அதற்குப் பாத்திரம். அன்றைக்குக் கூடுதலாக ஒரு கழுவல். மொத்தத்தில் தினம் ஐந்து நிமிடம், தேய்க்கும் நாளில் பத்து. தட்டுக்கு நான் செலவழித்ததில் கால் பங்கு. புறாவும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. நாலு வாய் குடித்துவிட்டுப் போய்விடுகிறது. தீனிக்குக் காத்துக்கிடப்பது போல் தண்ணீருக்குக் காத்துக்கிடப்பதில்லை. வடகம் பிழைத்தது.

பிளாஸ்டிக் பேசின் வேண்டாம். வழவழப்பில் கால் நிற்காது, மத்தியானத்துக்குள் தண்ணீர் சுடும். மண் கசிவதாலேயே குளிர்ச்சி. அதனாலேயே மே மாதத்தில் நாளைக்கு இருமுறை ஊற்ற வேண்டியும் வரும்.

செடியைப் பற்றி என் அனுபவம் ஒன்றரை வருடம்தான், அதுவும் தொட்டியில். இட்லிப்பூ, செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. இட்லிப்பூவுக்குத் தேன்சிட்டு வந்துவிட்டது. செம்பருத்திக் கிளையில் சிலந்தி நூலும் நாரும் சருகும் பின்னித் தொங்குகூடு ஒன்று கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டும் போனது. ஏன் என்று தெரியவில்லை, நான் அடிக்கடி எட்டிப் பார்த்தது காரணமாக இருக்கலாம். கறிவேப்பிலை பழுத்தால் குயில் வரும் என்பதைப் பக்கத்துத் தெரு மரத்தில்தான் பார்த்திருக்கிறேன், என் தொட்டியில் இன்னும் பழமே இல்லை. சொந்த மண்ணில் நாலு மரம் வைக்க முடிகிறவருக்குச் செடியே முதலிடம் என்று வாதாடுவார்கள். மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பூச்சியைக் கொண்டுவருவது அதுதான், குருவிக் குஞ்சுக்கு உண்மையில் வேண்டியதும் அதுதான். வாடகை வீட்டுக்காரன் கணக்கு வேறு. சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு மாறலாம்.

செடிக்கு நீர் தெளிக்கும்போது ஒன்று கவனித்தேன்: தேன்சிட்டு சட்டியில் இறங்குவதே இல்லை, நனைந்த இலையில் உடம்பைப் புரட்டிக் குளிக்கிறது. அதனால் இப்போது சட்டிக்குப் பக்கத்தில் இட்லிப்பூத் தொட்டியை நகர்த்தி வைத்து, இலைக்கும் ஒரு கை தெளிக்கிறேன்.

பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் போன ஜனவரியில் மாடியிலிருந்தே பட்டியல் அனுப்பினேன். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை, கேட்டதை எண்ணி இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அதே வாரம் சாமநத்தம் கண்மாய்க்கும் போனேன். தூரத்துக் கருவேல மரத்தில் ஒரு சின்னான் கத்தியது, உருவம் தெரியவில்லை. வெண்புருவம் என்று எழுதிவிட்டு, பைனாகுலரை எடுத்துச் சரிபார்த்தேன். சட்டியடியில் கேட்டுப் பழகிய குரல். கண்மாயில் நின்ற வாத்துகளில் பாதிக்கு இன்னும் பெயர் தெரியாது. அவை சட்டிக்கு வராது.

போன வாரம் மேல்சட்டியில் விரிசல் விட்டுவிட்டது. மானாமதுரைப் பக்கம் போகிற நண்பரிடம் இரண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்று எனக்கு. இன்னொன்றைக் கீழ்வீட்டு அக்கா தன் தங்கை வீட்டுக்கென்று கேட்டிருக்கிறார்.