மூன்று தீபாவளி பார்த்த இண்டக்ஷன் அடுப்பும் அதன் ஒயரும்

சிங்கப்பூர் ஈசூனில் வாங்கிய மறுவிற்பனை வீட்டில் கேஸை எடுத்துவிட்டு இரட்டை இண்டக்ஷன் அடுப்பு வைத்து மூன்று வருடம் ஆகிறது. அடுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால் பொங்கினாலும் ஒரு துடைப்பில் போய்விடும். காந்தம் ஒட்டாத அலுமினியக் குண்டான்கள் இதில் சூடாகாது என்பதால் அவற்றைத்தான் மாமியார் மனசே இல்லாமல் பிறருக்குக் கொடுத்துவிட்டார். நான் சொல்ல வந்தது அதன் ஒயரிங்கைப் பற்றி.

முதலில் பொருத்தியவர் புதுப்பிப்பு வேலைக்கு வந்த ஆள். அடுப்போடு பிளக் வரவில்லை. அவர் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கை மாட்டி, அலமாரிக்குள் இருந்த பாயின்ட்டில் செருகிவிட்டுப் போனார். ஒரு பக்கம் மட்டும் சோறு, ரசம் என்று ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு பக்கம் முறுக்கு எண்ணெய், மறுபக்கம் பாகு. அரை மணி நேரத்தில் மீன் கருகுவது போல ஒரு வாடை. நாங்கள் மீனே வாங்கவில்லை! அலமாரியைத் திறந்தால் பிளக்கின் ஒரு ஓரம் பழுப்பாகி இளகியிருந்தது. மெயினை அணைத்துவிட்டு மீதி முறுக்கை அப்படியே விட்டோம்.

மறுவாரம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் இல்லாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஏம்மா, ரெண்டும் ஓடுனா 4,400 வாட். 230 வோல்ட்டுக்கு 19 ஆம்பியர். இந்த பிளக் தாங்குறது 3,000 வாட்தானே" என்றார்.

"ஃபியூஸ் ஏன் போகலண்ணே?"

"கொஞ்சம் அதிகமானா அது உடனே உருகாதும்மா. அதுக்குள்ள பிளக் வெந்துடும்."

வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பெட்டியில் அந்த பாயின்ட்டுக்கு 20 ஆம்பியர் பிரேக்கர். 19 ஆம்பியருக்கு அதுவும் விழக் காரணமில்லை. அதே பெட்டியில் உள்ள ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரம் கசிந்தால்தான் துண்டிக்கும், அதிகச் சுமைக்கு இல்லை. ஆனாலும் அது கட்டாயம் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து பழைய வீடுகளுக்கும் சட்டம் அதுதான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன்.

அவர் முதலில் பார்த்தது மெயின் சுவிட்ச். 1994க்கு முன் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் அது 30 ஆம்பியராக இருக்கலாம். எங்களுடையது 40. அப்புறம் அடுப்புக்கென்றே தனி இணைப்பு: 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், 32 ஆம்பியர் பிரேக்கர், லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச். அதை அடுப்புக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தார். எண்ணெய் தீப்பிடித்தால் தீயைத் தாண்டிக் கை நீட்டக்கூடாதல்லவா. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எர்த் ஒயரை இரண்டு முறை.

அந்த இழுத்துப் பார்ப்பது என் மனதில் பதிந்துவிட்டது. முதல் ஆள் மாட்டிய பிளக்கில் லைவ் ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது. தளர்ந்த இடத்தில்தான் சூடு முதலில் ஏறும்.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளிக்கும் இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடியாயிற்று. வாடை இல்லை, பிரேக்கரும் விழவில்லை. ஒரே வருத்தம், டைல்ஸ் ஒட்டி அலமாரி அடித்த பிறகு இதைச் செய்ததுதான். புது ஒயர் டிரங்கிங் என்ற வெள்ளை மூடுகுழாயில் சுவர் மேலேயே ஓடுகிறது. நீங்கள் அடுப்பு வாங்கப் போகிறீர்கள் என்றால் அதன் வாட் எண்ணை டைல்ஸ் வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.