மஞ்சள் மீட்டர் டிரெய்லர் வேலைக்குத் தாங்குமா?

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி எலக்ட்ரிக் வேலைக்கு மீட்டர் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது டிடி 830டி என்கிற அந்த மஞ்சள் மல்டிமீட்டர்தான். சில நூறு ரூபாய் சமாச்சாரம். டிரெய்லர் லைட் கோளாறு பார்க்க இது போதுமாங்க என்றால், போதும். எங்கெங்கே ஏமாற்றும் என்று மட்டும் தெரிஞ்சிருக்கணும்.

டிராக்டர் டிரெய்லர் 12 வோல்ட். டிசி 20 ரேஞ்சு சரி. லாரி 24 வோல்ட். அதையும் 20-லேயே வைத்துப் பிடித்தால் திரையின் இடது ஓரத்தில் வெறும் ‘1’ நிற்கும். மீட்டர் போச்சு என்று அர்த்தமில்லை, அளவு மிஞ்சிடுச்சு. 200-க்குத் திருப்புங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 27, 28 வந்தால் சார்ஜிங் சரி.

பலர் கோட்டை விடுவது டிரெய்லர் ஒயரை லாரியோடு சேர்க்கிற சாக்கெட்டில். பிளக்கைக் கழற்றி பின்னில் வைத்தால் 24 முழுசாகக் காட்டும்; மாட்டினால் பிரேக் லைட் மங்கல். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமேயில்லை, அரித்துப்போன ஒற்றை இழைகூட அதற்குப் போதும். 21 வாட் பல்புக்கோ 24 வோல்ட்டில் முக்கால் ஆம்பியருக்கு மேல் வேணும். அதனால் பிளக் மாட்டி, பல்பு எரியும்போது ஹோல்டரிலேயே அளங்க. பழைய பல்பில் ரெண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இந்த இடத்தில் மீட்டரைவிட அது நேர்மை.

அங்கே ரெண்டு, மூணு வோல்ட் குறைந்தால் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியைச் சந்தேகப்படுங்க. மீட்டரின் கறுப்பு ப்ரோப் (ஒயர் முனை ஊசி) பேட்டரி மைனஸில், சிவப்பு டிரெய்லர் சேஸிஸில் பெயிண்ட் சுரண்டின இடத்தில். கூட வரும் ஒயர் எட்டாது, நீள ஒயர் ஒன்று முடிஞ்சுக்கணும். லைட்டெல்லாம் போட்டபடி அரை வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அதிகமானால் எர்த் பின்னைக் கழற்றிப் பாருங்க, பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஏழு பின் சாக்கெட்டில் 24 வோல்ட்டுக்கு எர்த் 1-ஆம் பின், 12 வோல்ட்டுக்கு 3-ஆம் பின். எர்த் ஒயர் நிறம் வெள்ளை என்பது தரநிலை. பட்டறைக்காரர் கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருப்பார், பின் எண்ணையே நம்புங்க. டிரெய்லரை லாரியில் கோக்கும் கிங்பின் வழியாக எர்த் வந்துடும் என்று நம்பவும் வேண்டாம், அங்கே இருப்பது கிரீஸ். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப்பும் சேர்ந்து துடிக்கிற வண்டிக்குப் பெரும்பாலும் நோய் இதுதான்.

மீட்டரை பஸ்ஸரில் (ஒயர் இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து ஷார்ட் பார்க்கும் முன் பேட்டரி ஒயரை விலக்கி, பல்பெல்லாம் கழற்றிடுங்க. ஆறின பல்பின் இழை சில ஓம்தான். அதன் வழியாகவே பீப் அடித்து, நல்ல ஒயரை வெட்ட வைக்கும்.

பெரிய குறை 10 ஆம்பியர் துளை. ஃபியூஸ் கிடையாது. சிவப்பு ப்ரோப்பை அதிலேயே விட்டுட்டு வோல்ட் பார்த்தால் நேர் ஷார்ட், உள்ளே தடம் கருகிடும். உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினாலும் எண் கூடுதலாகக் காட்டும். நின்ற லாரியில் 29 வந்தால் முதலில் அதை மாத்துங்க.

ப்ரோப் படு மட்டம். காசு கொடுக்கும் முன் 200 ஓமில் ரெண்டு முனையையும் முட்டவைத்து ஒயரின் அடியை ஆட்டிப் பாருங்க. எண் குதித்தால் வேற ஜோடி கேளுங்க.