தேஞ்சுபோன ஜெனரேட்டர் இன்ஜினை மாத்தலாமா, ரிப்பேர் பண்ணலாமா? திருவொத்தியூர் வீட்டு அனுபவம்

2012ல சென்னைக்கு தினம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட் வந்துச்சே, அப்ப வாங்குன பெட்ரோல் ஜெனரேட்டர் இது. 163 சிசி, 2 கேவிஏ. ஃபேன், லைட்டு, ஃப்ரிட்ஜ், அம்மாவோட நெபுலைசர் எல்லாத்தையும் தாராளமா இழுக்கும், அரை ஹெச்பி தண்ணி மோட்டார் மட்டும் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் கேக்கும், அதனால மத்ததை ஆஃப் பண்ணிட்டுதான் போடுவோம். 2016 வர்தாவுலயும் 2023 மிக்ஜாம்லயும் வீட்டைத் தாங்குனது இதுதான்.

மிக்ஜாம் முடிஞ்சப்புறம் தேய்மானம் நல்லாவே தெரிய ஆரம்பிச்சுது. நீலப் புகை, பிளக்கு எடுத்தா ஆயில் கருப்பு, ஸ்டார்ட் பண்ண கயிறு இழுத்தா எதிர்த்து இழுக்குற புடிப்பே (கம்ப்ரஷன்) இல்ல. கடையில கேட்டா இன்ஜினை மாத்திடுங்கன்னாங்க, ஆனா அந்த விலை புது செட்டு விலையில பாதிக்கு மேல வந்துச்சு. சரி, காசிமேட்டுல போட் இன்ஜின் பாக்குற அண்ணன்கிட்ட காட்டலாம்னு தூக்கிட்டுப் போனோம்.

"இரு தம்பி, மொதல்ல எது தேஞ்சிருக்குன்னு பாப்போம்"னு சொல்லிட்டு பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி கயிறு இழுத்தாரு. புடிப்பு வந்துடுச்சு. அப்படி வந்தா பிஸ்டன் ரிங்கு, போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டரோட உள்பக்கம்) தேஞ்சிருக்கு, வரலன்னா வால்வுல லீக்குனு அர்த்தம். இந்த சைஸ் இன்ஜின் நெறையதுல கயிறு லேசா வரதுக்காக அழுத்தத்தைக் கொஞ்சம் வெளிய விடுற டிகம்ப்ரஷன் அமைப்பு இருக்கும், அதனால கம்ப்ரஷன் கேஜ் மாட்டி வர ரீடிங்கை மட்டும் நம்பாதீங்க.

இன்னொரு விஷயம், மாத்துறதா இருந்தாலும் கண்ணுல பட்ட 163 சிசி இன்ஜினை வாங்கிட்டு வந்துட முடியாது. கடையில தனியா விக்கிறதுல பெரும்பாலும் ஷாஃப்ட் (இன்ஜின்லருந்து வெளிய வந்து சுத்துற தண்டு) நேரா, சாவி கட்டையோட இருக்கும், ஜெனரேட்டர் செட்டுல பொதுவா கூம்பு ஷாஃப்ட், அது அப்படியே கரண்ட் உண்டாக்குற ஆல்டர்னேட்டருக்குள்ள போய் உக்காரணும். ஷாஃப்ட் மாறுச்சுன்னா காசு வேஸ்ட். அதோட ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கான்னு மொதல்ல பாருங்க. எங்க ஏரியா உப்புக் காத்துல டெர்மினல் எல்லாம் பச்சை புடிச்சுடும், காயிலே போயிருந்தா அதுக்குப் புது இன்ஜின் போட்டு என்ன பிரயோஜனம்? எங்களுது லோடு போட்டும் 230 வோல்ட் நின்னுச்சு, அதுலதான் தைரியம் வந்துச்சு.

லேத்து பட்டறையில போர் அளந்தாங்க. உள்ள இரும்பு ஸ்லீவ், அதனால 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்கு போரைக் கடைஞ்சு பெருசாக்கி புது பிஸ்டன், ரிங்கு, வால்வு லேப்பிங் (வால்வு லீக் இல்லாம உக்காரத் தேய்க்கிறது), கேஸ்கட் செட்டு. எல்லாம் சேத்து புது இன்ஜின் விலையில கால்வாசி கூட வரல.

அதுக்கப்புறம் 2024 ஃபெஞ்சல் மழையில ஓட்டுனோம், புகை சுத்தமா இல்ல, இன்னைக்கு வரைக்கும் ஆயில் லெவல் எறங்கல. ஆயில் விஷயத்துல நான் ரொம்பவே கண்டிப்பு. இதுல ஆயில் பம்ப்பும் இல்ல ஃபில்டரும் இல்ல, பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு அடியில இருக்குற சின்ன நாக்குதான் ஆயிலை வாரி அடிக்குது. மொத்தமே 600 மில்லி, அதுவும் அழுக்கா இருந்தா எல்லாமே தேயும். 100 மணி நேரமோ ஆறு மாசமோ, எது மொதல்ல வருதோ அப்ப மாத்திடணும். மழைக்காலம் முடிஞ்சதும் டேங்க், கார்பரேட்டர் ரெண்டுலயும் பெட்ரோலை வடிச்சுடுங்க, இப்ப வர எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். எவ்ளோ மழையா இருந்தாலும் வீட்டுக்குள்ளயோ படிக்கட்டுக்கு அடியிலயோ வெச்சு மட்டும் ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிரை எடுத்துடும்.

ராடு தட்டுற சத்தம் வந்துட்டாலோ கிராங்க் கீறல் விழுந்துட்டாலோ நான் ரிப்பேர் பண்ண மாட்டேன். இந்த மாதிரி இன்ஜின்ல ராடு அலுமினியம், தனி பேரிங் கிடையாது, ஒண்ணு போனா அடுத்ததையும் சேத்து இழுத்துட்டுப் போகும். அந்த நிலைமை வந்தா செட்டாவே புதுசு வாங்கிடுவேன்.