டர்பைன் ஜெட் வாங்க நினைப்பவர்களுக்கு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

டர்பைன், அதாவது மண்ணெண்ணெயில் ஓடும் குட்டி ஜெட் எஞ்சின், பொருத்தி ரேடியோவால் இயக்கும் மாடல் ஜெட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு வேகம் போகும் என்றுதான். அடுத்தது, நடுவானில் வெடித்துவிடாதா என்பது. ஒரே டர்பைனை முதலில் ஒரு பயிற்சி ஜெட்டிலும் பிறகு ஒரு ஸ்போர்ட் ஜெட்டிலும் பொருத்திச் சில ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வருகிறேன். இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. எரிபொருள் குழாயை எப்போது மாற்ற வேண்டும்? ஓடுபாதை எவ்வளவு நீளம்? தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க ஆள் இருக்கிறதா?

நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில். மாடல் டர்பைனின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த நாட்டில்தான் நடந்தது. குர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஜெர்மானியர், வீட்டுப் பட்டறையிலேயே செய்துவிடக்கூடிய சிறு டர்பைனை 1980களின் இறுதியில் உருவாக்கிக் காட்டினார். காற்றை உள்ளிழுத்து அழுத்தும் அதன் கம்ப்ரசர் சக்கரம் ப்ளைவுட்டால் ஆனது; சுழலும் விசையில் சிதறிவிடாமல் இருக்கக் கார்பன் இழையைச் சுற்றி இறுக்கியிருந்தார். பின்னால் வந்த கேஜே-66 போன்ற வடிவங்கள் கார் டர்போசார்ஜரின் உலோகச் சக்கரத்தைப் பயன்படுத்திக்கொண்டன. இன்று கடையில் வாங்கும் டர்பைன்கள் அந்த வழியில் வந்தவை. என்னிடம் இருக்கும், ஜெட்கேட் நிறுவனத்தின் பி100-ஆர்எக்ஸ் டர்பைனும் அப்படித்தான்.

இதன் தள்ளுவிசை 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தூக்கும் விசை. குறுக்களவு 97 மில்லிமீட்டர். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். முழு வேகத்தில் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறை சுழல்கிறது. எரிபொருள் நிறைத்த பிறகு என் விமானங்கள் இரண்டுமே 10 கிலோவை ஒட்டியே நிற்பதால், இந்த விசை தாராளமாகப் போதும். மூக்கை நேராக மேலே தூக்கினால் நின்றுவிடாமல் ஏறுகிறது. இதற்கு மேல் விசை வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முதல் டர்பைனை வாங்கப்போகிறவருக்கு இந்த அளவையே சொல்வேன். இதைவிடச் சிறியவை விலை குறைவு என்றாலும், அவற்றைப் பொருத்தும் விமானமும் சிறிதாகிவிடுகிறது. மணிக்கு 250 கிலோமீட்டரில் போகும் சின்னப் பொருள் கண்ணுக்குச் சீக்கிரம் தப்பிவிடும்.

ஸ்டார்ட் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரில், விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை ஏற்றி இறக்கிக் கட்டளை கொடுத்ததும், முன்புறத்தில் இருக்கும் குட்டி ஸ்டார்ட்டர் மோட்டார் மெல்லச் சுழற்றத் தொடங்கும். உள்ளே இருக்கும் பீங்கான் பிளக் பழுத்துச் சிவக்கும். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்ப் பற்றிக்கொள்ளும்போது 'புஃப்' என்று மெல்லிய ஓசை கேட்கும். அதன் பிறகு சீழ்க்கை போன்ற ஒலி படிப்படியாக ஏறி, ஐடில் என்னும் குறைந்தபட்ச வேகத்தில் நிலைகொள்ளும். அப்போதுதான் டர்பைனை நடத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி திராட்டிலை நம் கைக்குத் தருகிறது. மொத்தமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இத்தனை காலமாகியும் அந்த ஒலி ஏறும் தருணத்தில் என் கை சில்லிட்டுப்போகிறது. காதுக்கும் மூக்குக்கும் அது உண்மையான விமான நிலையம்தான். எலக்ட்ரிக் விசிறி ஜெட்டுகளை நான் மதிக்கிறேன், அவற்றில்தான் கற்றுக்கொண்டேன். ஆனாலும் இந்த ஒலியை அவற்றால் தர முடியாது.

ஸ்டார்ட் செய்யும்போது விமானத்தின் மூக்கு காற்றை எதிர்த்தே இருக்க வேண்டும். பின்னாலிருந்து காற்றடித்தால் வெப்பம் உள்ளேயே தங்கி அளவு மீறிவிடும். புல்தரையில் நிறுத்தினால் வெளிவரும் அனல் புல்லைக் கருக்கிவிடும். எங்கள் மைதானத்தில் இதற்கென்றே சிமெண்ட் பலகை பதித்திருக்கிறார்கள். கையில் இருக்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். பவுடர் வகையும் தீயை அணைக்கும், ஆனால் டர்பைனின் உள்ளே புகுந்து அதைப் பாழாக்கிவிடும். என் அக்கா மகன்தான் பெரும்பாலும் தீயணைப்பானுடன் நிற்பான். பறந்து முடித்து எஞ்சினை அணைத்த பிறகும் அவன் வேலை முடிவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் தானாகவே விட்டுவிட்டுச் சுழற்றி டர்பைனைக் குளிர்விக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சொருகும் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, "மாமா, 100 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டது" என்று அவன் சொன்ன பிறகுதான் மின்சாரத்தைத் துண்டிப்பேன். அவசரப்பட்டு முன்னதாகத் துண்டித்தால், சூடு அப்படியே பின்னாலிருந்து, அச்சைத் தாங்கும் பேரிங்குகளுக்குள் ஊறிவிடும்.

எரிபொருள் மண்ணெண்ணெய், அதில் 5 சதவீதம் டர்பைன் ஆயில். பேரிங்குகளுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரியப்போகும் மண்ணெண்ணெயில் ஒரு பங்கு பேரிங் வழியாகப் போகும்போது, அதில் கலந்திருக்கும் ஆயில்தான் அவற்றைக் காக்கிறது. ஆகவே கலவையில் மிச்சம் பிடிக்க நினைக்கவே கூடாது. டர்பைன் ஆயில்கள் பலவற்றில் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடிய பாஸ்பேட் சேர்மங்கள் இருப்பதால், கலக்கும்போது கையுறை அணிவது அவசியம். முழு திராட்டிலில் நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டரை ஒட்டிக் குடிக்கும். ஏற்றி இறக்கிப் பறந்தால் மூன்று லிட்டர் தொட்டிக்கு எட்டு நிமிடம் நிம்மதியாகக் கிடைக்கிறது. டைமரை நான் ஏழு நிமிடத்தில் வைத்திருக்கிறேன். மிச்ச எரிபொருள், இறங்கும்போது ஓடுபாதையில் யாராவது குறுக்கே வந்துவிட்டால் இன்னொரு சுற்று சுற்றி வர.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: காற்றுக்குமிழி.

டர்பைனுக்குள் எரிவது இடைவிடாத தீ. பிஸ்டன் எஞ்சினில் ஒரு வெடிப்பு தவறினால் அடுத்தது காப்பாற்றும். இங்கே பம்ப் ஒரு குமிழியை அனுப்பினால் தீ ஒரு கணம் பட்டினி கிடந்து அணைந்துவிடும். வானத்தில் மறுபடி பற்றவைப்பதை நம்பிப் பறக்க முடியாது. இதற்காகவே பெரிய தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் ஹாப்பர் டேங்க் என்ற சிறு தொட்டியைப் பொருத்துகிறோம். அதன் உள்ளே இருக்கும் நுண்துளை வடிகட்டி ஈரமாக இருக்கும்வரை மண்ணெண்ணெயை விடும், காற்றை விடாது. அந்தச் சிறு தொட்டி எப்போதும் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மேல்மூலையில் பட்டாணி அளவுக்குக் காற்று தெரிந்தாலும் அன்றைக்கு அடுத்த பறத்தல் இல்லை. எந்த இணைப்பு காற்றை இழுக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே விமானம் மேலே போகும்.

ஆனால் நிறைந்த ஹாப்பர் டேங்க் அதற்கு முன்னால் உள்ள கசிவிலிருந்துதான் காக்கும். அதற்கும் பம்புக்கும் இடையில் உள்ள குழாய் காற்றை இழுத்தால், தடுக்க எதுவும் இல்லை. என் டர்பைன் வானத்தில் அணைந்தது அப்படித்தான். குழாயை ஒரு கடையில் புதிதாக வாங்கிப் போட்டிருந்தேன். கையில் வளைக்கும்போது பட்டுப்போல மென்மையாக இருந்த அது, ஒரே குளிர்காலத்தில் மஞ்சளேறி விறைத்துப்போய், இணைப்பின் வளையத்துக்கு உட்புறம், வெளியே தெரியாத இடத்தில் மயிரிழை அளவுக்குப் பிளந்திருக்கிறது. காற்றோடு போகும் திசையில், நல்ல உயரத்தில், விமானம் என் முன்னால் கடந்துகொண்டிருந்தது. ஒலி சட்டென்று அறுந்தது. வால் பக்கம் எரியாத மண்ணெண்ணெய் ஆவி வெள்ளைக் கோடாக ஒரு நொடி தெரிந்து மறைந்தது. "மாமா, அணைந்துவிட்டது" என்றான் அக்கா மகன்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுவது, உடனே ஓடுபாதையை நோக்கித் திருப்புவது. இவை இரண்டுதான். சக்கரத்தை இறக்கக் கை பரபரக்கும், இறக்கக் கூடாது. ஜெட்டின் உடல் வழுவழுப்பானது. எஞ்சின் இல்லாமலும் நாம் நினைப்பதைவிட வெகுதூரம் சறுக்கும். சக்கரமும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃபிளாப்பும் வெளியே வந்தால் கல்லாகிவிடும். ஓடுபாதையை எட்டிவிடுவோம் என்று உறுதியான பிறகு சக்கரம், கடைசியில் ஃபிளாப். புல்வரப்பைத் தாண்டி, பாதையின் முதல் கால்பகுதியில் இறங்கியது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் கடைசியாக ஏன் நின்றது என்ற காரணம் பதிவாகியிருக்கும். திரையைச் சொருகிப் பார்த்தால் தீ அணைந்ததாகவே சொன்னது. வெப்பநிலை, சுழற்சி எதிலும் கோளாறு இல்லை. புதுக் குழாய் போட்டதும், எதுவுமே நடக்காததுபோல டர்பைன் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து பருவம் தொடங்கும்போது, உறிஞ்சும் பக்கத்துக் குழாய் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். சில யூரோ செலவு.

தரையிறக்கத்துக்கு வருகிறேன். புரொப்பெல்லர் விமானங்களிலிருந்து வருபவர்களுக்கு ஒரு முழுப் பருவமாவது தேவைப்படும் பாடம் இது. புரொப்பெல்லரில் திராட்டிலைத் தள்ளியதும் இழுவை கிடைக்கும். டர்பைன் ஐடிலிலிருந்து முழு விசைக்கு வர மூன்று, நான்கு நொடி ஆகும். இறங்கும் வேகம் நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முடிவெடுத்ததற்கும் விசை கிடைப்பதற்கும் நடுவில் 70 மீட்டர் போய்விடும். மாறாக, ஐடிலிலும் டர்பைன் சிறிது தள்ளிக்கொண்டே இருக்கிறது. புரொப்பெல்லர்போலக் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்காது. அதனால் ஒல்லியான ஜெட்டை ஐடிலில் இறக்கப் பார்த்தால், தரையைத் தொடாமல் மிதந்து மிதந்து பாதையின் மறுகோடிக்கே போய்விடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஃபிளாப்பை முழுதாக இறக்கி இழுவையைக் கூட்டிவிட்டு, அதை எதிர்த்துக் கொஞ்சம் திராட்டிலை வைத்துக்கொண்டே இறங்குவது. டர்பைன் ஐடிலுக்கு மேல் நடுவேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால், அங்கிருந்து விசை ஏறுவது மிக வேகமாக நடக்கிறது. திராட்டிலை ஒரு கோடு ஏற்றினால் சறுக்கல் தட்டையாகிறது, ஒரு கோடு இறக்கினால் செங்குத்தாகிறது. இது கைவந்த நாளிலிருந்து தரையிறக்கம் எனக்கு அச்சமாக இல்லை, பறத்தலிலேயே பிடித்த பகுதியாகிவிட்டது. இறங்குவது சரியாக அமையவில்லை என்று தோன்றினால், பாதையின் எல்லையைத் தொடுவதற்கு முன்பே மறுசுற்றுக்கு முடிவெடுத்துவிட வேண்டும். எல்லையைக் கடந்த பிறகு எடுக்கும் முடிவுக்கு டர்பைன் காத்திருக்க வைக்கும். பக்கக்காற்றுக்கு, விமானத்தின் ஆட்டத்தைத் தானாகவே சரிசெய்யும் கைரோ பெரும் உதவி. கைரோ இல்லாமல் கற்றால்தான் உண்மையான விமானி என்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 10 கிலோ எடையுள்ள ஒன்று மனிதர்கள் இருக்கும் இடத்தில் பறக்கும்போது, கிடைக்கும் உதவியெல்லாம் வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் ஜெர்மனியின் பாலன்ஷ்டெட்டில் நீல்ஸ் ஹெர்ப்ரிஷ் தன் டர்பைன் மாடலை மணிக்கு 749 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவிட்டு உலகச் சாதனை படைத்தார். அதை வியந்து பாராட்டலாம். நம் வாரயிறுதிக்கு அது அளவுகோல் அல்ல. மணிக்கு 250 கிலோமீட்டர் என்பதே நொடிக்கு 70 மீட்டர். மூன்று நொடி கண்ணை எடுத்தால் 200 மீட்டர் தள்ளி, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாத ஒரு புள்ளியாகிவிடும். இறக்கையின் அடிப்பக்கத்துக்கு அடர்நிறமும் மேல்பக்கத்துக்கு வெளிர்நிறமும் கேட்டு வாங்குங்கள்.

சட்டப்படி இங்கே காப்பீடு கட்டாயம். விமானத்தில் அதை இயக்குபவரின் பதிவு எண்ணை ஒட்ட வேண்டும். 25 கிலோவுக்கு மேல் போனால் தனி நடைமுறை. காகித வேலையைவிடக் கடினமானது டர்பைனை அனுமதிக்கும் மைதானம் கிடைப்பதுதான். சுற்றுவட்டாரக் கிராமங்களின் அமைதியைக் கருதிப் பல கிளப்புகள் இடமளிப்பதில்லை. எங்கள் கிளப்பில் ஞாயிறு மதிய வேளையில் டர்பைனைத் தொடுவதில்லை. அது நியாயமான ஏற்பாடு. அதைக் காப்பாற்றினால்தான் மைதானம் நிலைக்கும்.

செலவை மறைக்க விரும்பவில்லை. நான் வாங்கியபோது டர்பைன் மட்டுமே 2,000 யூரோவைத் தாண்டியது. விமானம், சர்வோக்கள் (சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்), மடங்கும் சக்கரங்கள், பிரேக், ரிசீவருக்கு இரட்டை மின்கலம் என்று சேர்ந்தால் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய காரின் விலை வந்துவிடும். டர்பைனைப் பழையதாக வாங்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டி ஓடிய நேரத்தைப் பதிந்து வைத்திருப்பதால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. மின்கலத்தையும் குழாயையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். ஆண்டுக்கு நாலைந்து முறைதான் மைதானத்துக்குப் போக முடியும் என்றால் இந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம். கை பழக்கம் விட்டுப்போகும், ரப்பரும் குழாயும் சும்மா இருந்தே கெடும்.

பராமரிப்புக்கு 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை டர்பைனைத் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். எட்டு நிமிடப் பறத்தலாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 190 முறை. பேரிங்கை மாற்றிச் சுழலும் பாகத்தைச் சமன்செய்து, ஓட்டிப் பார்த்த அறிக்கையுடன் திரும்பி வரும். வசந்தகாலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள் என்பதால், என்னுடையதை நவம்பரிலேயே பெட்டி கட்டிவிடுகிறேன்.