பிரெட்போர்டா, எஃப்பிஜிஏ பலகையா?

கணினி வன்பொருளுக்கான மின்சுற்று வடிவமைப்பைக் கற்கத் தொடங்குவோர், எளிய தருக்கச் சுற்றுகள் அடங்கிய 74 வரிசைச் சில்லுகளைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமலே இணைக்க உதவும் துளைப்பலகை) செருகிப் பழகுவதா, எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சில்லு) பலகை ஒன்றை வாங்கி வெரிலாக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதுவதா என்று தயங்குவதுண்டு.

செலவு: சில்லுகளைத் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக வாங்கலாம், எஃப்பிஜிஏ பலகைக்கு முதலிலேயே மொத்தமாகப் பணம் போட வேண்டும். ஆயினும், 8 பிட் கணினி ஒன்றைக் கட்ட முனைந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடக்கூடும்.

பிழை காணுதல்: பிரெட்போர்டில் தவறு மல்டிமீட்டருக்கு அகப்படும். 74எச்சி00 சில்லில் நான்கு நேண்ட் கதவுகள் (உள்ளீடுகள் இரண்டும் 1 ஆனால் மட்டும் 0 தரும் தருக்கச் சுற்றுகள்) உள்ளன; 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்குக் கிரவுண்ட். அதன் உள்ளீடு ஒன்றை எங்கும் இணைக்காமல் விட்டால், விரலை அருகில் கொண்டுபோனாலே வெளியீட்டிலுள்ள எல்இடி மினுக்கக்கூடும். அதைச் சில்லின் பழுதென்றே ஒரு மாலை முழுவதும் நம்பியிருந்தேன். எஃப்பிஜிஏவில் இத்தகைய பாடம் கிடைப்பது அரிது. அங்கே சுற்றைக் கணினியில் பாவனையாக இயக்கிப் பார்க்கும் சிமுலேஷனின் அலைவடிவங்களைப் படித்துத்தான் பிழையைத் தேட வேண்டும்.

வேகம்: பிரெட்போர்டுச் சுற்று சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே தடுமாறும், எஃப்பிஜிஏவுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் சாதாரணம்.

எளிமை: கம்பி இணைப்பில் பொறுமை போதும். வெரிலாக்கிலோ, நிரல் எழுதிப் பழகியவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குவதாக எண்ணிவிடுகிறார்கள், உண்மையில் அவை ஒரே நேரத்தில் இயங்கும் வன்பொருளை விவரிக்கின்றன.

மின்னழுத்தமும் இரைச்சலும் புரிய வேண்டுமெனில் பிரெட்போர்டே ஏற்றது. செயலி வடிவமைப்பு வேலையை நாடுவோர், கவுண்டரும் (எண்ணும் சுற்று) ஆடரும் (கூட்டும் சுற்று) கையால் கட்டியதும் தயங்காமல் எஃப்பிஜிஏவுக்கு மாறிவிடலாம்.