வீட்டு ஜெபத்துக்கு எந்த பைபிள்? பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்காக ஓர் அலசல்

கல்யாணப் பரிசாக வந்த ஜிப் போட்ட கறுப்பு பைபிள் கிட்டத்தட்ட எல்லாத் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டிலும் இருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு எடுத்துப்போக அது போதும். ராத்திரி சாப்பாடு முடிந்து குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும் என்றால்தான் சிக்கல். எழுத்து பொடி என்பதால் பாட்டி தன் முறை வரும்போது அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படிக்கும் பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறும். பக்கத்தில் இருக்கும் தம்பி சிரிப்பான். கடைசியில் அப்பா மட்டும் வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோகும். இதை விசுவாசக் குறைவு என்று மேடையில் நின்று சொல்வது எங்களைப் போன்ற போதகர்களுக்கு எளிது. பல வீடுகளில் கோளாறு கையில் இருக்கும் புத்தகத்தில்தான். வீட்டு பைபிளை, அந்த வீட்டில் மிகவும் தடுமாறி வாசிப்பவர் யாரோ அவரை நினைத்து வாங்க வேண்டும். இந்த அலசல் முழுக்க அந்த ஒரே அளவுகோலில்தான்.

முதலில் பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் முடித்தது. ஓ.வி. என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபைக்குப் போனாலும் இதுவே ஒலிக்கிறது. மனப்பாட வசனம், சுவரில் தொங்கும் வாக்குத்தத்த அட்டை, கல்லறைக் கல் எல்லாம் இதன் வாசகம். அதனால் இதை வீட்டிலிருந்து எடுத்துவிட முடியாது, எடுக்கவும் கூடாது. இதில் ஒரு பெரிய வசதி பலர் கண்ணில் படுவதில்லை: வழக்கமான அச்சில் ஒவ்வொரு வசனமும் புது வரியில் தொடங்கும். ஆளுக்கொரு வசனம் வாசிக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. தன் முறை எங்கே என்று யாரும் தேட வேண்டியதில்லை.

தொல்லை எங்கே என்றால் நிருபங்களில், அதாவது அப்போஸ்தலர்கள் எழுதிய கடிதங்களில். சுவிசேஷங்களிலும் சாமுவேலின் புத்தகங்களிலும் ஓடுகிற நாக்கு, ரோமர் 3-க்கு வந்ததும் முட்டிக்கொள்ளும். ‘கிருபாதாரபலி’, ‘நீதிமானாக்கப்படுகிறார்கள்’ மாதிரி சொற்களைப் பத்து வயதுப் பிள்ளை பிரித்து வாசிக்க முடியாது. பொருள் சொல்வது அப்புறம், முதலில் வாயில் நுழைய வேண்டுமே.

அடுத்தது திருவிவிலியம், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. சிவாஜிநகர் புனித மரியாள் பசிலிக்காவிலோ விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்திலோ தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவர்களுக்குக் காதில் பழகியது இது. வாக்கியம் சிறியது, தமிழ் சுத்தமானது, பள்ளியில் தமிழ் படித்தவர் தடையில்லாமல் வாசிக்கலாம். ஆனால் வசனங்கள் பத்தியாக ஓடும், எண்கள் வரிக்கு நடுவே பொடியாக நிற்கும். ஆளுக்கொரு வசனம் என்ற முறை இதில் நொண்டும். ஆளுக்கொரு பத்தி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்ணும் கத்தோலிக்கப் பையனும் கட்டிக்கொள்வது பெங்களூரில் சாதாரணம். அந்த வீடுகளில் முதல் மாதமே எழும் கேள்வி, ஒரு பைபிளில் 66 புத்தகமும் மற்றதில் 73-ம் ஏன் என்பது. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழும் கத்தோலிக்கர் ஏற்கும் வேதப் புத்தகப் பட்டியலில் உண்டு, புராட்டஸ்டண்ட் பட்டியலில் இல்லை. வாங்கும்போது பொருளடக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மாமியார் முன்னால் முதல் தடவை திறந்து பார்த்து விழிப்பதைவிட அது நல்லது. அந்தத் தோபித்து புத்தகத்தை நான் கத்தோலிக்க வீடுகளுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்: பார்வை போன அப்பா, வெளியூர் போகும் மகன், கூடவே ஒரு நாய், கடைசியில் கல்யாணம். 14 அதிகாரத்தில் ஒரு குடும்பமே இருக்கிறது.

மூன்றாவது, ஈ.ஆர்.வி. என்ற எளிய மொழிபெயர்ப்பு. பிள்ளைகள் வாசிக்க இதுதான் சுலபம். நீண்ட வாக்கியத்தை மூன்றாக வெட்டிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் சங்கீதங்களை இதில் வாசித்தால் பாட்டு போய்விடும். தகவல் மட்டும் நிற்கும். கதைப் பகுதிக்கு இது, சங்கீதத்துக்கு ஓ.வி. என்று கலந்து வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் அதற்குத் தடை சொல்வார் யாருமில்லை.

இனி, பெங்களூரு வீடுகளுக்கு என் முதல் தேர்வு: தமிழும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வரும் இருமொழி பைபிள். தமிழ் பேசும், ஆனால் வாசிக்காத பிள்ளை தன் முறை வந்ததும் இங்கிலீஷ் பத்தியை வாசிக்கலாம்; யாரும் வட்டத்துக்கு வெளியே போவதில்லை. சில மாதம் போனால் கண் தானாகத் தமிழ்ப் பத்திக்குத் தாவும். பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் தமிழ் ஆராதனைக்கு அம்மாவும் இங்கிலீஷ் ஆராதனைக்குப் பிள்ளைகளும் போகிற வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

வாங்குமுன் முதல் பக்கத்தில் ஒன்றைப் பாருங்கள்: இங்கிலீஷ் பத்தி எந்தப் பதிப்பு? ஈ.எஸ்.வி. போன்ற புதிய பதிப்பாக இருந்தால், மத்தேயு 17-இல் 20-ஆம் வசனத்துக்குப் பிறகு நேராக 22 வரும். தமிழில் 21 இருக்கும்: உபவாசத்தையும் ஜெபத்தையும் பற்றிய வசனம். மத்தேயு 18:11, மாற்கு 9:44, 46, அப்போஸ்தலர் 8:37 இவையும் இப்படியே. இங்கிலீஷில் அவை அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். நம் ஓ.வி., அச்சுக் காலத்திலிருந்து புழங்கிய கிரேக்க மூலத்தை ஒட்டியது. புதிய பதிப்புகள் அதைவிடப் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துச் செய்தவை, அந்தப் பிரதிகளில் இவ்வசனங்கள் இல்லை. ‘பைபிளை மாற்றிவிட்டார்கள்’ என்று வாட்ஸாப்பில் சுற்றும் பீதிக்குக் காரணமும் இதுதான். மகன் கேட்டால் இந்த இரண்டு வரியைச் சொல்லுங்கள், போதும். விளக்கம் சொல்ல விருப்பமில்லை என்றால் என்.கே.ஜே.வி. (நியூ கிங் ஜேம்ஸ் வெர்ஷன்) என்ற இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு சேர்ந்த பதிப்பு வாங்குங்கள். அதில் எண்கள் தமிழோடு ஒத்துப்போகும்.

இருமொழி பைபிளின் குறை அதன் கனம். இரண்டு பைபிள் ஒரே அட்டைக்குள் இருப்பதால் எழுத்தைச் சின்னதாக்கியிருப்பார்கள். வயதானவர் இருந்தால் அவருக்குத் தனியாகப் பெரிய எழுத்து ஓ.வி. ஒன்று வாங்கிவிடுங்கள். மேசையில் ஒரே பைபிள்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

பெரிய எழுத்து என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கடையில் சங்கீதம் 119-ஐத் திறந்து, கையை லேசாக மடக்கி ஒன்றரை அடி தூரத்தில் பிடியுங்கள். ‘ர்’, ‘ற்’ மேலுள்ள புள்ளி தனியாகத் தெரிகிறதா? ‘கெ’-யும் ‘கே’-யும் கொம்புச் சுழியில் பிரிந்து தெரிகின்றனவா? ‘ன’, ‘ண’ சுழிகளை எண்ண முடிகிறதா? இந்த மூன்றில் ஒன்று மங்கினாலும் அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆகாது. 12 பாயிண்டுக்குக் குறைந்த தமிழ் எழுத்து அவர்களுக்கு வேலைக்காகாது என்பது என் கணக்கு. அடுத்து, ஒரே ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்க எழுத்து எவ்வளவு ஊடுருவித் தெரிகிறது என்று பாருங்கள். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சடித்த பதிப்பு கண்ணுக்கு அழகுதான். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்புத்தான் முதலில் மங்கும். மலைப்பிரசங்கம் மூன்று அதிகாரமும் சிவப்பு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டு விஷயம் அதைவிட முக்கியம். முதுகின் மேல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கலர்த் துணிப்பட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பசை மட்டும் போட்ட புத்தகத்திலும் அதை ஒட்டிவிடுவார்கள். பட்டைக்குக் கீழே தாள்கள் கற்றை கற்றையாக மடிந்து தெரிந்தால் தையல் கட்டு. ஒரே சமமாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பசை. தினமும் திறக்கிற வீட்டில் அது சீக்கிரம் தாள் தாளாகக் கழன்றுவிடும், பெரும்பாலும் சங்கீதப் பக்கத்தில். ஆதியாகமம் 1-ஐயும் வெளிப்படுத்தல் 22-ஐயும் திறந்து மேசையில் வையுங்கள். தானாக மூடிக்கொள்ளாமல் படுத்துக் கிடந்தால் நல்ல கட்டு. புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து அமுக்குவது கூடாது. முன்னாலிருந்து கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம் என்று இருபது முப்பது தாளாக மாற்றி மாற்றித் திறந்து நீவிவிட்டு நடுவுக்கு வாருங்கள்.

ஜிப் அட்டை வீட்டுக்கு வேண்டாம். ஜிப்பின் பல் தாள் ஓரத்தைக் கடிக்கும், ஓட்டம் கெட்டால் புத்தகமே திறக்காது. செயற்கைத் தோல் அட்டை சில வருஷத்தில் உரியும். துணி முதுகு போட்ட கெட்டி அட்டைதான் உழைக்கும். கோடு போட ஹைலைட்டர் வேண்டாம், மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறிவிடும்; கலர் பென்சில் போதும்.

செல்போன் ஆப் பற்றி ஒரு வார்த்தை. யூவெர்ஷன் ஆப்பில் தமிழில் பல மொழிபெயர்ப்புகள் இலவசம், ஒலி வடிவமும் உண்டு. ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ ஊர்ந்து வருகிற அப்பா காரிலேயே அன்றைய அதிகாரத்தைக் கேட்டுவிட்டு வரலாம். அதற்கு அருமையான கருவி. மேசைக்கு அது வேண்டாம். அப்பா கையில் போன் இருந்தால் பிள்ளை கையிலும் இருக்கும்.

புத்தகம் வந்த பிறகு எங்கே தொடங்குவது? ஜனவரி 1-இல் ஆதியாகமம் என்பதுதான் எல்லார் வழக்கமும். நாளுக்கு ஓர் அதிகாரம் வைத்தால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, சரியாக ஏப்ரல் 1 அன்று லேவியராகமத்தில் நிற்பீர்கள். பலியிடும் ஆட்டின் கொழுப்பை எங்கே எரிப்பது என்று சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வாசித்துப் பாருங்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வைத்தால் 52 வாரத்தில் கச்சிதமாக முடியும், சனி ஞாயிறு விடுமுறை. இதையே நான் சொல்வேன். 80 வசனமுள்ள லூக்கா 1, 75 வசனமுள்ள மத்தேயு 26 போன்றவற்றை மட்டும் இரண்டாக உடைத்து, விட்டதைச் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். நீதிமொழிகள் 31 அதிகாரம் என்பதால் தேதிக்கு ஒன்றாக, அதிலும் நாலைந்து வசனம் மட்டும் பிள்ளைகள் பொறுக்கி வாசிக்கலாம். வாசிப்பும் ஜெபமும் சேர்ந்து பதினைந்து நிமிஷத்தைத் தாண்டினால் மறுநாள் ஆள் குறையும்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க இன்னொன்று, தலைப்புகள். அதிகாரத்துக்கு நடுவே வரும் சிறு தலைப்புகள் வேத வசனமல்ல, பதிப்பாசிரியர்கள் போட்டவை. எபேசியர் 5-ஐத் திறந்து பாருங்கள். சில பதிப்புகளில் மனைவிகள், புருஷர்கள் பற்றிய தலைப்பு 22-ஆம் வசனத்துக்கு மேலே நிற்கும். அப்போது வாசிப்பு ‘மனைவிகளே’ என்றுதான் தொடங்கும், வீட்டில் சண்டைக்கும் அந்த வசனமே கையில் கிடைக்கும். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஆம் வசனம் தலைப்புக்கு மேலே அநாதையாக நின்றுவிடும். தலைப்பு 21-க்கு மேலே இருக்கும் பதிப்பே நல்லது. இல்லையென்றால் வாசிக்கிறவர் 21-இலிருந்து தொடங்கட்டும். மனைவிக்கு மூன்று வசனம், புருஷனுக்கு அதற்கடுத்து ஒன்பது வசனம் என்பதையும் அப்பாக்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 6:4-இல் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பிதாக்களுக்குத்தான் சொல்லியிருக்கிறது. அந்த வசனத்தைப் பிள்ளையை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கே வாங்கலாம் என்று கேட்டால், இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமே எம்.ஜி. ரோட்டில் இருக்கிறது. ஆன்லைனில் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட, எங்கே வாங்கினாலும் கடைக்கே போய்த் தாளைத் தொட்டுப் பார்த்து வாங்குவதே மேல். வாசிக்கப்போகிற பாட்டியையும் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். வாங்கிய அன்றே பக்க எண்களைப் புரட்டிச் சரிபாருங்கள். அச்சகத்தில் ஒரு கற்றை விட்டுப்போனாலோ இரட்டித்துச் சேர்ந்தாலோ மொத்தமாகப் பல பக்கம் தவறியிருக்கும். ரசீது கையில் இருக்கும்போதே தெரிந்தால் மாற்றிக் கேட்கலாம். எசேக்கியேல் வரை வாசித்துப் போய் அங்கே கண்டுபிடித்தால் எந்தக் கடைக்காரரும் கேட்கமாட்டார்.